அரைப் புட்டி சுறா எண்ணெய்

அந்த டிராக்டரை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வந்த சிரிப்பில், இடுப்பிலிருந்த குடம் சாய்ந்து பாதித் தண்ணீர் என் சேலையிலேயே போயிற்று. மலை மாதிரி ஒன்று வரப்போகிறது என்று எங்கள் வீட்டுக்காரர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்து இறங்கியதோ கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒன்று. முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், பின்னால் கொஞ்சம் பெரிதாக இரண்டு, நடுவில் சட்டியைக் கவிழ்க்காமல் வைத்தது போல ஓர் இரும்பு இருக்கை. அதை இரட்டை மாட்டு வண்டியில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார்கள். மாட்டின் வேலையைச் செய்ய வந்ததை மாடே இழுத்து வருகிறதே என்றுதான் எனக்குச் சிரிப்பு.

"ஏ புள்ள, சிரிக்காத. முதலாளி பாக்குறாக" என்று அதட்டினார் அவர். அவருக்கே வாயெல்லாம் பல்லாக இருந்தது.

திருப்பாலைக்குடிக்கும் தொண்டிக்கும் நடுவில், கடலை ஒட்டினாற்போல் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரர் தொண்டியில் பெரிய குடும்பத்துப் பாய். சிலோனோடு வியாபாரம். அங்கே தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர், தன் பங்களாவின் பூந்தோட்டத்துக்காக வைத்திருந்த டிராக்டராம் அது. அவர் ஊருக்குக் கப்பலேறும்போது எங்கள் முதலாளி அதை வாங்கிவிட்டார். தலைமன்னாரிலிருந்து கப்பலில் தனுஷ்கோடி, அங்கிருந்து ரயிலில் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம், பிறகு மாட்டுவண்டி. என் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு தூரம் பயணம் செய்யவில்லை. வண்டியின் மூக்கில் ஏதோ எழுத்துப் போட்டிருந்தது. இங்கிலீசு என்றார்கள். எனக்குத் தமிழ் எழுத்தும் அதுவும் ஒன்றுதான், இரண்டும் எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும்.

முதலாளி அன்றைக்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"இந்தா பாருங்க, டிரைவரத் தவிர ஒரு ஆளு இதுல கை வைக்கக் கூடாது. ஆம்புளையா இருந்தாலும் சரி, பொம்பளையா இருந்தாலும் சரி. வச்சது தெரிஞ்சா தோப்புக்குள்ள நிக்க முடியாது."

டிரைவர் என்றால் எங்கள் வீட்டுக்காரர். அவர் உலகச் சண்டைக் காலத்தில் மண்டபம் முகாமில் பட்டாள லாரி ஓட்டியவர். ஒருநாள் மணல்மேட்டில் லாரி சாய்ந்து, அவர் வலது தோள் இறங்கிவிட்டது. வைத்தியர் ஏற்றிக் கட்டினார். ஆனால் அந்தக் கை தலைக்கு மேலே தூக்க வராது. வாடைக்காற்று அடித்தால் தோளில் ஆணி வைத்து அறைகிற மாதிரி இருக்கும் என்பார். சண்டை முடிந்த பிறகு எந்த லாரிக்காரரும் அவரைச் சேர்க்கவில்லை. கையைத் தூக்கிக் காட்டச் சொல்வார்களாம். காட்டினால் போய்வா என்று சொல்லிவிடுவார்களாம். மூன்று வருஷம் தேங்காய் பொறுக்கினார். இந்த முதலாளி மட்டும்தான் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லாமல் டிரைவர் என்று கூப்பிட்டவர். அந்தச் சட்டி இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு சாண் வளர்ந்துவிட்டார் என்றுதான் நான் சொல்வேன்.

நான் ராமேஸ்வரம் தீவுக்காரி. தங்கச்சிமடத்துப் பக்கம். என்னைப் பெற்ற அய்யாவுக்கு மீன்பிடிக்கச் சொந்த வள்ளம் இருந்தது. இவரோ கடலைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிற ஆள். பெண் பார்க்க வந்த அன்று, அய்யா ஆசையாக வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது மாப்பிள்ளையைக் கைத்தாங்கலாகத்தான் இறக்கினார்கள். "இவரயா கட்டிக்கப் போற?" என்று என் ஆத்தா கேட்டாள். கரைக்கு வந்து மணலில் படுத்துக்கிடந்தவர், என்னைப் பார்த்து, "நீயும் கடல்ல போவியா?" என்று பயந்துபோய்க் கேட்டாரே, அந்த மூஞ்சிக்காகத்தான் கட்டிக்கொண்டேன்.

டிராக்டருக்கு வருகிறேன். வந்த புதிதில் அதன் ஸ்டீயரிங்கில் ரொம்ப ஆட்டம். பாதி வட்டம் சுற்றினாலும் முன்சக்கரம் அசையாது. வலது பக்கம் போ என்றால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் போகும். யோசித்து முடிப்பதற்குள் இரண்டு தென்னம்பிள்ளை சாய்ந்திருக்கும். தோப்பில் ஒரு மரமேறி இருந்தார். கை இரண்டும் உலக்கை மாதிரி. வாய் அதைவிடப் பெரிது.

"டிரைவரே, உம்ம வண்டி நேத்து ராத்திரி கள்ளு கிள்ளு குடிச்சுச்சா?"

"ஒமக்கு மிச்சம் வைக்காம அது எப்படிக் குடிக்கும்?" என்று இவரும் விடமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த பிறகு, இவர் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்தார். என்னை மேலே நிற்கவைத்து ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் சொன்னார்.

"நான் தொடக் கூடாதே."

"முதலாளி தொண்டியில இருக்காக. நீ இங்கன இருக்க. லேசா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டு புள்ள. எது அசையுது, எது அசையலன்னு நான் பாக்கணும்."

ஆட்டினேன். ஸ்டீயரிங் வளையத்தை நான் திருப்ப, அதன் கம்பி திரும்ப, அடியில் பல்சக்கரப் பெட்டியிலிருந்து வருகிற இரும்புக் கை அசைய, அந்தக் கையும் முன்சக்கரத்துக்குப் போகிற நீளக் கம்பியும் சேருகிற மூட்டில் மட்டும் ஒன்று அசைந்து மற்றொன்று சும்மா இருந்ததாம். "ஆப்புட்டுக்கிட்டான்" என்று அடியிலிருந்து கத்தினார். மூட்டின் குமிழ் தேய்ந்திருந்தது. அதற்கு ஒரு பித்தளைத் தகடு வெட்டி வைத்தார். தகடு எங்கே கிடைத்தது என்கிறீர்களா? என் கல்யாணச் செம்பு அடியில் ஓட்டையாகிக் கிடந்தது. அதன் அடிப்பாகம். அதன் பிறகு பெட்டியின் மேலிருந்த திருகை ஒரு கால் திருப்புத் திருப்பினார். "இதுக்கு மேல திருப்புனா இறுகிப்போகும், கையில ரத்தம் கட்டிரும்" என்று எனக்கு அவர் பாடமே எடுத்தார். மறுநாள் டிராக்டர் தென்னை வரிசைக்கு நடுவில் நூல் பிடித்த மாதிரி போயிற்று. மரமேறி மரத்து மேலிருந்தே கைதட்டினார். கைதட்டினால் விழுந்துவிடுவாரே என்று நான்தான் பயந்தேன்.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடிற்று. அப்புறம் ஸ்டீயரிங் கொஞ்சம் கொஞ்சமாக இறுக ஆரம்பித்தது. கடலோரத்தில் இரும்பு வைத்துப் பிழைக்க முடியுமா? உப்புக்காற்று தினம் ஒரு வாய் தின்றுவிட்டுப் போகும். கிரீஸ் டப்பா தீர்ந்துபோயிற்று. மதுரையிலிருந்துதான் வரவேண்டும். முதலாளி சிலோனுக்குப் போயிருந்தார், அவர் வந்தால்தான் ஆள் போகும். வரிசை முடிந்து திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் இவர் வலது தோளை உடம்போடு சேர்த்து இழுத்து, பல்லைக் கடித்துத்தான் திருப்புவார். வீட்டுக்கு வந்தால் சோற்றை இடது கையால் தள்ளித் தள்ளிச் சாப்பிடுவார்.

"ஒரு நாலு நா ஓய்வு எடுங்களேன்."

"எடுத்தா, கை முடியலையான்னு கேப்பாக. அந்தக் கேள்வி எனக்கு வேணாம் புள்ள."

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது.

எங்கள் அய்யா வருஷத்துக்கு இரண்டு தரம் ஆள்விட்டு எனக்குச் சுறா எண்ணெய் கொடுத்தனுப்புவார். பெரிய சுறாவின் ஈரலை வெட்டிப் பானையில் போட்டு வெயிலில் வைத்தால், உருகி மேலே பொன் நிறத்தில் எண்ணெய் நிற்கும். நாற்றம் மட்டும் சொல்லி முடியாது. ஆனால் எங்களுக்கு அது மருந்து, விளக்கு எரிக்கிற எண்ணெய், எல்லாம். வள்ளத்துக்குப் பூசுவதும் அதுதான். பூசிய பலகையை உப்புத் தின்னாது. கடல்தண்ணீரிலேயே கிடக்கிற வள்ளத்தைக் காப்பாற்றுகிற எண்ணெய், கரையில் நிற்கிற இந்தக் குட்டி வண்டியைக் காப்பாற்றாதா? அப்படித்தான் நினைத்தேன். அந்த எண்ணெய் பலகையில் காய்ந்து, ஓடு மாதிரி இறுகிப் பிடித்துக்கொள்வதால்தான் பலகை பிழைக்கிறது என்பது எனக்குத் தெரியாததா? சின்ன வயதில் அந்த ஓட்டைச் சுரண்டிச் சுரண்டி என் நகமெல்லாம் போயிருக்கிறது. கைக்குத் தெரிந்தது தலைக்கு வரவில்லை.

அவர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, புட்டியை முந்தானையில் மறைத்து எடுத்துப் போனேன். வளையத்துக்குக் கீழே, கம்பி குழாய்க்குள் இறங்குகிற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதில் கொஞ்சம் கொஞ்சமாக அரைப் புட்டி ஊற்றினேன். குழந்தைக்குச் சங்கில் மருந்து ஊற்றுகிற மாதிரி. "குடிச்சுக்கடா ராசா" என்றுகூடச் சொன்னேன். வெளியே வழிந்ததைச் சாம்பல் போட்டுத் துடைத்து, நாற்றம் தெரியாமல் இருக்க வேப்பிலையைக் கசக்கித் தேய்த்தேன்.

மறுநாள் அவர் வண்டியிலிருந்து இறங்கி வந்தபோது குழந்தை மாதிரி இருந்தார்.

"என்னன்னு தெரியல புள்ள, வெண்ண மாதிரி திரும்புது. நேத்து அடியில எண்ணெ விட்டேன்ல, அது இப்பத்தான் உள்ள எறங்கிருக்கு."

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன். சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருந்தால் அவரும் இரண்டு திட்டுத் திட்டி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியிருப்பார். ஆனால் அவர் தானே சரிசெய்ததாக நினைத்துச் சந்தோஷப்படுகிறாரே, அதைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். மூன்று நாள் சந்தோஷம். நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

அந்த வருஷத்து ஐப்பசி மழையைப் போல நான் பார்த்ததில்லை. தோப்புக்குள் முழங்கால் தண்ணீர். எங்கள் குடிசையில் தவளையும் நாங்களும் ஒரே பாயில் படுத்தோம். டிராக்டர் ஓலைக் கொட்டகையில் ஒரு மாதத்துக்கு மேல் அசையாமல் நின்றது. மழை வெறித்து, மண் காய்ந்து, அவர் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினார். அது கல்லாகிக் கிடந்தது.

அவர் விட்டுவிடுகிற ஆள் இல்லை. நீளக் கம்பியைக் கழற்றிப் பார்த்தார். முன்சக்கரம் இரண்டும் தனியாக லேசாகத் திரும்பின. பெட்டியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். எண்ணெய் இருந்தது. திருகைத் தளர்த்திப் பார்த்தார். குழாய்க்குள் இருக்கிற கம்பியைப் பார்க்க வேண்டுமானால் வளையத்தைக் கழற்றவேண்டும். அதன் நட்டு உப்பில் பிடித்துப்போய், அவரிடமிருந்த எந்தச் சாமானுக்கும் மசியவில்லை. இரண்டு நாள் போராடிவிட்டு, மரமேறியைக் கூப்பிட்டார்.

"ஒரு தரம் இதத் திருப்பிப் பாருமய்யா."

அந்த மனுஷன் தினம் ஐம்பது மரம் ஏறி இறங்குகிற கையால் பிடித்து ஒரு திருகுத் திருகினார். வளையம் திரும்பிற்று. கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். ஆனால் அவர் வாய் சும்மா இருக்குமா?

"இதுக்கா டிரைவரே ரெண்டு நாளா மல்லுக்கட்டுறீரு? என் பொண்டாட்டி திருப்பிருவா."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் கை வைக்காமல் சொன்னார்.

"வண்டியில ஒண்ணுமில்ல புள்ள. எல்லாத்தையும் பாத்துட்டேன். என் கைதான் போச்சு."

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு அந்த எண்ணெய் ஞாபகம் வரவில்லை. எண்ணெய் விட்டது நன்மைக்கு அல்லவா? வெண்ணெய் மாதிரி திரும்பியதே? கை போயிற்று என்று அவர் சொன்னதை நானும் நம்பி, வேப்பெண்ணெய் காய்ச்சித் தோளில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி சிலோனிலிருந்து வந்ததும் இவரே போய்ச் சொல்லிவிட்டார். கேட்டு விலக்குவதற்கு முன்னால் தானே விலகிக்கொள்வது மரியாதை என்பது அவர் எண்ணம். முதலாளி நல்ல மனுஷன். வருத்தப்பட்டாராம். காவலுக்கு இருந்துகொள், குடிசையிலேயே இருங்கள் என்றாராம். ராமநாதபுரத்திலிருந்து வேறு டிரைவருக்குச் சொல்லிவிட்டாராம். பத்து நாளில் அந்த ஆள் பெண்டாட்டி பிள்ளைகளோடு, ஒரு சாக்கு நிறைய ஸ்பானரோடு வந்து இறங்கினார். ராமநாதபுரத்து பஸ் கொட்டகையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். மெக்கானிக் வேலையும் தெரியும்.

வந்தவர் முதலில் வளையத்தைத்தான் கழற்றினார். நட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, இரும்புக் கொக்கி மாதிரி ஒரு சாமானை மாட்டித் திருகினார். 'டப்' என்று வந்துவிட்டது. முதலாளி நிற்கிறார், மரமேறி நிற்கிறார், எங்கள் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி நிற்கிறார், நான் அவருக்குப் பின்னால். குழாயிலிருந்து கம்பியை உருவினால், அது நெடுக மஞ்சளும் கறுப்புமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேப்பம் பிசின் மாதிரி. புது டிரைவர் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா இது, மீன் வாடை அடிக்குது! எவனோ சுறா எண்ணெய ஊத்திருக்கான். காஞ்சு பசையாப் பிடிச்சிருச்சு. இத வச்சுக்கிட்டு எந்தக் கொம்பனும் திருப்ப முடியாதே."

மரமேறி சிரித்தார். "அதான பாத்தேன். உள்ள ரெண்டு சாள மீனும் வறுத்து வச்சிருக்கான்னு பாருங்க."

எங்கள் வீட்டுக்காரர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தத் தோப்பில் சுறா எண்ணெய் இருக்கிற வீடு ஒன்றுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முதலாளி பக்கம் திரும்பி, "நான்தான் ஊத்துனேன்" என்றார்.

"நீயா?" முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பட்டாளத்து லாரி ஓட்டுனவன் செய்யிற வேலையாய்யா இது?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் தலைகுனிந்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். அவர் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அவர் முகம் சில நாள் மறந்துகூடப் போகிறது. அந்தக் குனிந்த தலை மறக்கமாட்டேன் என்கிறது.

குடிசைக்கு வந்ததும் அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் உட்கார்ந்து, வலது கையை நீட்டி, மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தார்.

"அப்ப என் கை போகல."

நான் அழுதேன். "உங்க தோளு வலிக்குதேன்னு…"

"அத விடு. கை போகல புள்ள. கேட்டியா? கொம்பன்கூடத் திருப்ப முடியாதுன்னு அந்தாளே சொல்லிட்டான்." சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிற்று.

"நான் போயி முதலாளிகிட்ட உண்மையச் சொல்லிர்றேன். வண்டி உங்களுக்கே வந்துரும்."

"சொன்னா, பொம்பள மிசின்ல கை வச்சான்னு ரெண்டு பேத்தையும் வெளிய அனுப்புவாக. பேசாம இரு."

பேசாமல் இருக்க என்னால் முடியுமா? மறுநாள் அவர் மட்டை பொறுக்கப் போன சமயம், தொண்டிக்கு நடந்தேன். முதலாளி மத்தியான லுகர் தொழுகை முடித்துவிட்டு வந்து வாசலில் நின்றார். நான் ஊற்றிய கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். வேப்பிலை தேய்த்ததுவரை சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"நேத்தே தெரியும்மா. அவனுக்குப் பொய் சொல்ல வராது."

"அப்ப அவுகளுக்கே வண்டியக் குடுத்துருங்க முதலாளி. கை நல்லாத்தான் இருக்கு."

"நான் வாக்குக் குடுத்துட்டேனே. அந்த மனுசன் இருந்த வேலைய விட்டுட்டுப் பிள்ளகுட்டியோட வந்து எறங்கிட்டான். அல்லாவுக்குப் பயந்து சொல்றேன், அவன எந்த மூஞ்சியோட நான் திருப்பி அனுப்புவேன்? உன் புருசன் காவலுக்கு இருக்கட்டும். குடிசைக்கு ஒண்ணும் வராது. நீ போ."

போனேன். வேறென்ன செய்ய? அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. யாரையாவது திட்டித் தீர்க்கலாம் என்றால், திட்டுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் மட்டை கிழித்துக்கொண்டிருந்தார். நான் எங்கே போனேன் என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது. கோபிப்பார் என்று பார்த்தால், கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"என் கையப் பத்திச் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

முதலாளி கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இந்தக் கைய வச்சுக்கிட்டு இன்னும் இருவது வருசம் ஓட்டலாமேன்னு சொன்னாக" என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுஞ் சொல்லல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மேற்கு வரிசையில் டிராக்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. கடைசி மரத்துக்குப் போய்த் திரும்புகிற இடத்தில் சத்தம் குறையாமல் அப்படியே திரும்பிற்று.

"அங்கன மண்ணு எளக்கம். வேகத்தக் கொறச்சுத் திருப்பணும். அந்தாளுக்குத் தெரியாது, சொல்லணும்" என்று எழுந்து போனார். வரப்புவரை போய் நின்றார். டிராக்டர் அவரைத் தாண்டி இரண்டு தரம் போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை.